ஆஸ்திரேலியாவின் 482, 494 விசாக்கள்: மாறிய விதிகளின்படி எதை முதலில் செய்ய வேண்டும்?

ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பில் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கும், சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நகரங்களுக்கு வெளியே பிராந்தியப் பகுதிகளில் வேலை தேடுபவர்களுக்கும் உரிய விதிகள் 2024 ஜூலை முதல் அடுத்தடுத்துத் திருத்தப்பட்டுள்ளன. இதில் தடுக்கி விழுபவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லாதவர்கள் அல்லர்; மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்தவர்கள். ஆகவே இங்கே வரிசைக்கே முதலிடம் தந்திருக்கிறேன். தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் வருமான வரம்புகள் உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. நிரந்தர வதிவுரிமையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

"எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்த விசா எந்தக் கதவில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதே. ஏனெனில் வழியைத் தேர்ந்தெடுத்த பிறகு இடையில் தடம் மாறுவது சில விசாக்களில் சட்டப்படியே முடியாது.

482 என்பது தற்காலிக விசா. 2024 டிசம்பர் 7 முதல் இதற்கு 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று பெயர். அதுவரை இருந்த டி.எஸ்.எஸ். விசா முடிவுக்கு வந்தது. பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை கிடைக்கும். இந்த விசாவில் மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு, ஒரு நிறுவனம் குறிப்பிட்ட பதவிக்கு நாமினேட் செய்தால் (முன்மொழிந்தால்), 186 விசாவின் 'டெம்பரரி ரெசிடென்ஸ் டிரான்சிஷன்' பிரிவில் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே நிறுவனத்தில் கழிக்க வேண்டியிருந்தது. இப்போது, அங்கீகாரம் பெற்ற வெவ்வேறு ஸ்பான்சர்களிடம் பார்த்த வேலையைச் சேர்த்துக் கணக்கிடலாம். அண்மை மாற்றங்களில் தொழிலாளிக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து.

494 என்பது பிராந்தியப் பகுதிக்கான ஐந்தாண்டு விசா. மூன்று ஆண்டுகள் அதை வைத்திருந்து, நிபந்தனைகளை மீறாமல் வாழ்ந்து, மூன்று நிதியாண்டுகளுக்கான வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்புகளைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கட்டத்தில் எந்த நிறுவனமும் உங்களை நாமினேட் செய்ய வேண்டியதில்லை. குறைந்தபட்ச வருமான வரம்பும் இல்லை. வயது வரம்பும் இல்லை.

இரண்டு ஆண்டா, மூன்று ஆண்டா என்று மட்டும் பார்ப்பவர்கள் 482ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். 186 விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 45 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பதையும், அந்த நாளில் உங்களை நாமினேட் செய்ய விரும்பும் ஒரு நிறுவனம் கையில் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவருக்கு 42 வயது 8 மாதத்தில் 482 கிடைத்து, அன்றே வேலையில் சேர்ந்தாலும், இரண்டு ஆண்டுகள் முடியும்போது வயது 44 ஆண்டு 8 மாதம் ஆகிவிடும். அந்த நான்கு மாதத்தில் முதலாளி மனம் மாறினால் வழி அடைபட்டுவிடும். அதிக வருமானம் உள்ளவர்களுக்கும் பிராந்தியப் பகுதி மருத்துவர்களுக்கும் விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெரும்பாலோருக்கு அவை பொருந்துவதில்லை. இதே நபர் 494 வழியில் வந்தால், 45 வயது நிறைவதற்குள் 494க்கு விண்ணப்பித்துவிட்டாலே போதும். பிறகு வயதைப் பற்றிய கவலை இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 494 அல்லது 491 விசா வைத்திருப்பவர், அதை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கும் முன், 186 விசாவுக்கோ, புள்ளி அடிப்படையிலான நிரந்தர விசாக்களான 189, 190க்கோ, ஆஸ்திரேலியாவிலிருந்தபடி விண்ணப்பிக்கும் துணைவர் விசாவான 820க்கோ விண்ணப்பிக்க முடியாது. "முதலில் 494இல் உள்ளே போய்விட்டு, மெல்பர்னில் நல்ல நிறுவனம் கிடைத்ததும் 186க்கு மாறிக்கொள்ளலாம்" என்ற திட்டம் அதனால் செல்லாது.

ஸ்பான்சர் செய்ய நிறுவனமே கிடைக்காதவர்களுக்கு 491 இருக்கிறது. அது புள்ளி அடிப்படையிலானது. மாநில அரசின் நாமினேஷனோ, பிராந்தியப் பகுதியில் வாழும் தகுதியுள்ள உறவினரின் ஸ்பான்சர்ஷிப்போ 15 புள்ளிகள் தரும். அதன் நடைமுறை முற்றிலும் வேறு என்பதால் இங்கே அதற்குள் நுழையவில்லை.

2. தொழிற்குறியீட்டை உறுதி செய்யுங்கள்

திறன் மதிப்பீடு, விளம்பரம், சந்தைச் சம்பளம், நாமினேஷன் எல்லாமே ஆன்ஸ்கோ என்ற தொழில் வகைப்பாட்டின் ஆறு இலக்கக் குறியீட்டை வைத்தே நடக்கின்றன. இதைப் பிழையாகத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வரும் எல்லா ஆவணங்களும் பிழையாகிவிடும். பணம் செலவழிக்கும் எந்த வேலைக்கும் முன்பாக இதை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

குறியீட்டைத் தீர்மானிப்பது பதவியின் பெயர் அன்று, நீங்கள் அன்றாடம் செய்யும் பணிகள். சமையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். செஃப் என்பது 351311. குக் என்பது 351411. பணியமர்த்தல் கடிதத்தில் 'செஃப்' என்று எழுதியிருந்தாலும், மெனு திட்டமிடுதல், செலவுக் கணக்கு, பொருள் கொள்முதல், பிற ஊழியர்களை மேற்பார்வையிடுதல் ஆகியவை இல்லாமல் காலை முதல் மாலை வரை தோசைக்கல்லின் முன் நிற்பதுதான் வேலை என்றால், அதிகாரி அதைச் செஃப் என்று ஏற்கமாட்டார். இதோடு, துரித உணவகம், பார்சல் கடை போன்ற குறைந்த சேவை உணவகங்களில் உள்ள வேலைகளுக்குச் செஃப் குறியீடு செல்லாது என்ற தனி நிபந்தனையும் உண்டு. நம்மவர்களின் கடைகள் பலவற்றில் மேசைகள் நான்கே இருக்கும், விற்பனையில் பெரும்பகுதி பார்சலாகப் போகும். அத்தகைய கடையின் நாமினேஷன் இந்த இடத்தில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அடுத்து, எந்த விசாவுக்கு எந்தப் பட்டியல் என்பதைப் பிரித்தறிய வேண்டும். 482 விசாவின் கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கும், 482இல் வேலை பார்க்காமலே நேரடியாக விண்ணப்பிக்கும் 186 விசாவின் டைரக்ட் என்ட்ரி பிரிவுக்கும் 456 தொழில்கள் கொண்ட 'கோர் ஸ்கில்ஸ் ஆக்குபேஷன் லிஸ்ட்' பொருந்தும். 494க்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. பழைய நீண்டகாலத் தொழில் பட்டியலும் பிராந்தியத் தொழில் பட்டியலுமே அதற்கு உரியவை. புதிய பட்டியலில் தன் தொழில் இல்லை என்று கண்டு மனம் தளர்ந்தவர்களில் சிலருக்கு 494 வழி திறந்தே இருந்தது.

482 விசாவின் ஸ்பெஷலிஸ்ட் ஸ்கில்ஸ் பிரிவுக்குப் பட்டியலே கிடையாது. ஆண்டு வருமானம் 1,41,210 டாலருக்குக் குறையக் கூடாது என்பதும், கைத்தொழிலாளர், இயந்திர இயக்குநர் மற்றும் ஓட்டுநர், உடலுழைப்புத் தொழிலாளர் என்ற பிரிவுகளில் அந்த வேலை வரக் கூடாது என்பதும்தான் வரையறை.

டிரான்சிஷன் பிரிவில் 186க்குப் போகும்போது தொழில் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் 482இல் நாமினேட் செய்யப்பட்ட தொழிலும் 186இல் நாமினேட் செய்யப்படும் தொழிலும் முதல் நான்கு இலக்கங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். செஃப், குக் இரண்டும் 3513, 3514 என்று பிரிவதைக் கவனியுங்கள். 482 காலத்தில் பதவி உயர்வு பெறுபவர்கள் இந்த இலக்கங்களைப் பார்க்காமல் புதிய பதவிக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

3. வேலை நடக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்

பிராந்தியப் பகுதி என்றதும் பாலைவனத்துக்கு நடுவே ஒரு பெட்ரோல் பங்க் என்று கற்பனை செய்ய வேண்டாம். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, கோல்ட் கோஸ்ட், நியூகாசில், வொல்லங்காங், ஜீலாங், ஹோபார்ட் ஆகியவையும் இந்த விசாக்களுக்குப் பிராந்தியப் பகுதிகளே.

பார்க்க வேண்டியது நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடத்தையன்று. வேலை நடக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டை. அலுவலகம் ஜீலாங்கில் பதிவாகி, வேலைத்தளம் மெல்பர்னின் மேற்குப் புறநகரில் இருந்தால் 494 செல்லாது. உங்கள் வீடும் பிராந்தியப் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

4. முதலாளியைத் தேடும் முன் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

முதலாளி கிடைத்த பிறகு ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் ஆகும். அவசரமாக ஆள் தேடும் நிறுவனம் அவ்வளவு காலம் காத்திருக்காது.

அனுபவச் சான்று: 482 கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கு, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டு முழுநேர அனுபவம் இப்போது போதும், முன்பு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டது. 494க்கும் 186 டைரக்ட் என்ட்ரிக்கும் மூன்று ஆண்டுகள் வேண்டும். இந்திய நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டுமே இருக்கும். பணிகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அது போதாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பணிகள், கையெழுத்திட்டவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரங்கள் வேண்டும். மனிதவளத் துறை பணிகளை எழுதித்தர மறுத்தால், உங்களை நேரடியாக மேற்பார்வையிட்டவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதோடு சம்பளச் சீட்டு, படிவம் 16, வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைக்கலாம். இலங்கையில் பணியாற்றியவர்களுக்கு ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். அறிக்கைகள் இதே வேலையைச் செய்யும். ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய காலத்தை நிரூபிப்பது மிகக் கடினம். அந்தக் காலத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

திறன் மதிப்பீடு: 494க்கும் 186 டைரக்ட் என்ட்ரிக்கும் இது தேவை. கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, செவிலியர்களுக்கு ஆன்மாக், கைத்தொழில்களுக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா, மற்றப் பல தொழில்களுக்கு வெட்டாசெஸ் என்று அமைப்புகள் வேறுபடும். 482க்குப் பொதுவாக இது தேவையில்லை என்றாலும், மோட்டார் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற சில கைத்தொழில்களில் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தேவை. ஏ.சி.எஸ். உங்கள் அனுபவத்தின் தொடக்க ஆண்டுகள் சிலவற்றைக் கழித்துவிட்டே மீதியைத் திறன்மிக்க அனுபவமாக எண்ணும் என்பதால், சரியாக மூன்று ஆண்டுகளோடு போனால் தேவையான மூன்று ஆண்டுகள் மிஞ்சாது.

ஆங்கிலத் தேர்வு: 494, 186 இரண்டுக்கும் 'காம்பிடன்ட்' நிலை, அதாவது ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பகுதிகளிலும் 6 வேண்டும். 482க்கு இதைவிடக் குறைவு. 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்குப் புதிய மதிப்பெண் அட்டவணை வந்துள்ளது, பி.டி.இ. தேர்வில் முன்போல எல்லாப் பகுதிக்கும் 50 என்ற கணக்கு இப்போது இல்லை, பகுதிக்குப் பகுதி மதிப்பெண் வேறுபடுகிறது. பழைய காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போகாதீர்கள். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, அயர்லாந்து, நியூசிலாந்து கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு வேண்டாம்.

பெயர்: தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முத்துக்குமார்', கடவுச்சீட்டில் முத்துக்குமார் என்ற பெயரோடு தந்தையின் பெயரான சுப்பிரமணியன் குடும்பப் பெயராக, வைப்புநிதிக் கணக்கில் 'முத்துக்குமார் எஸ்.' என்று இருந்தால், அதிகாரி அவற்றை மூன்று மனிதர்களாகப் பார்க்கக்கூடும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களையும் நிரப்பி, வேறு பெயர்களால் அறியப்படுகிறீர்களா என்ற கேள்விக்கு மற்ற வடிவங்கள் அனைத்தையும் எழுதி, அவை ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் சேர்த்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

5. முதலாளியையும் சம்பளத்தையும் சரிபாருங்கள்

நிறுவனத்தின் ஏ.பி.என். என்ற வணிகப் பதிவு எண்ணை அரசுத் தளத்தில் தேடினாலே அது உயிரோடு இருக்கும் நிறுவனமா, எப்போது தொடங்கியது என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சரா என்பதை நேரடியாகக் கேளுங்கள். அந்த அங்கீகாரம் ஐந்து ஆண்டுகள் செல்லும்.

சம்பளத்துக்கு இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டிலும் தேற வேண்டும். முதலாவது, 482 கோர் ஸ்கில்ஸ், 186, 494 ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 76,515 டாலர் என்ற குறைந்தபட்ச வரம்பு. சூப்பரானுவேஷன் ஓய்வூதியப் பங்களிப்போ, இலவசத் தங்குமிடம், உணவு போன்ற பணமல்லாத சலுகைகளோ இந்தத் தொகைக்குள் சேராது. "70,000 சம்பளம், மேலே ரூம் இலவசம்" என்பது வரம்பைத் தொடாது. இரண்டாவது, அதே ஊரில் அதே வேலையைச் செய்யும் ஆஸ்திரேலியர் பெறும் சந்தைச் சம்பளத்துக்கு உங்கள் சம்பளம் குறையக் கூடாது. சந்தைச் சம்பளம் 90,000 என்றால் 76,515ஐக் காட்டித் தப்ப முடியாது.

ஜூலை முதல் தேதியை ஒட்டி விண்ணப்பிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாமினேஷன் தாக்கலாகும் நாளில் எந்த வரம்பு நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொருந்தும். ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அன்று.

6. விளம்பரம், ஆர்.சி.பி. கருத்து, நாமினேஷன்

482க்கு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்பதை நிறுவனம் விளம்பரங்களால் நிரூபிக்க வேண்டும். குறைந்தது இரண்டு விளம்பரங்கள், ஒவ்வொன்றும் 28 நாட்கள், நாமினேஷனுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வெளியாகியிருக்க வேண்டும்; முன்பு நான்கு மாதங்களாக இருந்த காலம் 2024 டிசம்பரில் ஆறாக நீட்டிக்கப்பட்டது. பதவி, தேவையான திறன்கள், நிறுவனத்தின் பெயர் ஆகியவை விளம்பரத்தில் இருக்க வேண்டும். சம்பளம் 96,400 டாலருக்குக் குறைவானால் அதையும் குறிப்பிட வேண்டும்.

இங்கே நடக்கும் பிழைகள் சிறியவை, விளைவுகள் பெரியவை. 28 நாட்கள் முடியும் முன்பே நாமினேஷனைத் தாக்கல் செய்கிறார்கள். ஃபேஸ்புக் பதிவை விளம்பரக் கணக்கில் சேர்க்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள்; அது 'அக்ரெடிட்டட் ஸ்பான்சர்' தகுதி உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே செல்லும். விளம்பரம் மறைவதற்குள் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்குமாறு முதலாளியிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

494க்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. 'ரீஜனல் சர்டிஃபையிங் பாடி' (ஆர்.சி.பி.) என்ற அமைப்பிடம், அந்த வேலைக்குத் தரப்படும் சம்பளம் உள்ளூர்ச் சந்தை நிலவரத்துக்குக் குறையவில்லை என்பது பற்றிய கருத்தைப் பெற வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அமைப்பு வேறு. அவற்றின் படிவமும் கட்டணமும் வேறு. அது தனக்கென நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பிறகு வருபவை மூன்று தனித்தனி விண்ணப்பங்கள்: நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப், இந்தப் பதவிக்கான நாமினேஷன், உங்கள் விசா. முதல் இரண்டும் நிறுவனத்துடையவை. நாமினேஷன் தாக்கலானதும் கிடைக்கும் டி.ஆர்.என். என்ற குறிப்பு எண்ணை உங்கள் விசா விண்ணப்பத்தில் கொடுத்தால்தான் இரண்டும் இணையும். மூன்றையும் ஒரே வாரத்தில் தாக்கல் செய்ய முடியும். ஆனால் நாமினேஷன் நிராகரிக்கப்பட்டால் விசாவும் கிடைக்காது. சிறிய நிறுவனம், புதிய ஸ்பான்சர் என்றால் நாமினேஷன் முடிவு வந்த பிறகு விசா கட்டணத்தைக் கட்டுவதே பாதுகாப்பானது. ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் இருந்து, கையிலுள்ள விசா முடியப்போகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சொகுசு இல்லை. அவர்கள் காலாவதியாகும் முன் தாக்கல் செய்தாக வேண்டும்.

7. யார் எதற்குப் பணம் கட்ட வேண்டும்

திறன் பயிற்சி நிதிக்கான வரியை நாமினேஷனின்போது நிறுவனம் மொத்தமாகக் கட்ட வேண்டும். ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு 482இல் ஆண்டுக்கு 1,200 டாலர். அதற்கு மேற்பட்ட நிறுவனத்துக்கு 1,800. 494க்கும் 186க்கும் ஒரே தடவையாகச் சிறு நிறுவனத்துக்கு 3,000, பெரிய நிறுவனத்துக்கு 5,000 டாலர். இதையும் ஸ்பான்சர்ஷிப், நாமினேஷன் செலவுகளையும் உங்களிடமிருந்து வசூலிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. விசா கட்டணம், மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு ஆகியவை உங்கள் செலவாக இருக்கலாம்.

நான்கு ஆண்டு 482க்குச் சிறு நிறுவனம் 4,800 டாலரை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், சில முதலாளிகள் இரண்டு ஆண்டுக்கு மட்டும் நாமினேட் செய்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், 186க்கு இரண்டு ஆண்டுகள்தானே வேண்டும் என்று தோன்றும். விசா கிடைத்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். நீங்கள் வேலையில் சேர்வதோ சில வாரங்கள் கழித்து. ஆகவே இரண்டு ஆண்டு வேலை நிறைவதற்குள் விசா முடிந்துவிடும். மூன்று ஆண்டுக்காவது நாமினேட் செய்யுமாறு தொடக்கத்திலேயே கேளுங்கள்.

ஸ்பான்சர்ஷிப்புக்காக முதலாளிக்கோ இடைத்தரகருக்கோ பணம் கொடுப்பதும், சம்பளத்தை வங்கியில் வாங்கி ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தருவதும் 2015 டிசம்பர் முதல் சட்ட விரோதம். வாங்கியவரோடு கொடுத்தவரும் தண்டத்துக்கு உள்ளாகலாம், விசாவும் ரத்தாகலாம். ஆலோசனைக்கு ஆள் தேவையென்றால் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டின் எண்ணைக் கேட்டு, அரசுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. விசா கிடைத்த பிறகு

விசா கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள நிபந்தனை எண்களை யாரும் படிப்பதில்லை. 494 விசாவில் 8579 என்ற எண் இருக்கும். பிராந்தியப் பகுதியிலேயே வாழ்ந்து, வேலை பார்த்து, படிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு பிராந்தியப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். ஆனால் மனைவிக்கு வேலை கிடைத்தது என்று குடும்பத்தோடு சிட்னிக்குக் குடிபெயர்ந்துவிட்டால், 191 விண்ணப்பத்தில் அந்த வாடகை ஒப்பந்தமே உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும். முகவரி மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, 494 விசாதாரர்கள் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரலாம். 482இல் வருபவர்கள் பொதுவாகத் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும். குடும்பத்தோடு வருபவர்கள் அந்தச் செலவை வரவுசெலவில் முதலிலேயே சேர்க்க வேண்டும்.

வேலை போனால் பதற வேண்டாம். 2024 ஜூலை 1 முதல், புதிய ஸ்பான்சரைத் தேடுவதற்கோ வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கோ ஒரே தடவையில் 180 நாட்கள் வரையும், விசா காலம் முழுவதிலும் சேர்த்து 365 நாட்கள் வரையும் அவகாசம் உண்டு. முன்பு இது 60 நாட்களாக இருந்தது. அந்த இடைவெளியில் வேறு முதலாளியிடமும், வேறு தொழிலிலும்கூட வேலை பார்க்கலாம். ஆனால் பழைய நிறுவனத்தில் இருந்துகொண்டே பக்கத்தில் இன்னொரு வேலை பார்ப்பதற்கு இது அனுமதி தரவில்லை. மேலும், ஸ்பான்சர் அல்லாதவரிடம் பார்த்த இந்த வேலையை 186க்கான இரண்டு ஆண்டுக் கணக்கில் நம்பாதீர்கள்.

சம்பளச் சீட்டுகளை மாதந்தோறும் தரவிறக்கிச் சேமியுங்கள். நிறுவனம் மூடப்பட்டாலோ, மென்பொருள் மாறினாலோ பழையவற்றை மீட்பது பெரும்பாடு. ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்பவருக்கு அக்டோபர் 31 கடைசி நாள். 494 விசாதாரர் அந்த நாளைத் தவறவிட்டால் மதிப்பீட்டு அறிவிப்பு தாமதமாகும். மூன்றாவது அறிவிப்பு கைக்கு வராமல் 191 விண்ணப்பத்தைத் தொடங்க முடியாது. 482 விசாதாரர், இரண்டு ஆண்டு நிறைவதற்கு ஆறு மாதம் முன்பே 186 நாமினேஷன் பற்றி முதலாளியிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். அவர் மறுத்தால், சேர்ந்த காலத்தை இழக்காமல் இன்னொரு ஸ்பான்சரிடம் போவதற்கு அப்போதும் அவகாசம் இருக்கும்.